நீர்க்கடுப்பு என்று நினைத்த வலி: அன்றும் இன்றும்

சிறுநீர் போகும்போது கடுக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை ‘சூடு’. வெயிலில் அலைந்திருப்பாய், தண்ணீர் குடித்திருக்க மாட்டாய், இளநீர் வாங்கிக் குடி, ராத்திரியே வெந்தயத்தை ஊறப்போடு. இரண்டு நாளில் சரியாகாவிட்டால் பக்கத்துத் தெரு டாக்டர், ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக். பெரும்பாலான பெண்களுக்கு இது சரியான வழியும்கூட. கிருமித்தொற்று பெண்களுக்கு அடிக்கடி வருவதுதான். ஆனால் சிலருக்கு அந்தக் கடுப்பு மாதம் ஒருமுறை, மாதவிலக்கை ஒட்டியே வரும். பரிசோதனையில் கிருமி இருக்காது. மாத்திரை போட்ட ஐந்து நாளில் வலி அடங்கிவிடும். மாதவிலக்கும் அதே ஐந்து நாளில் முடிந்திருக்கும். மாத்திரைதான் குணப்படுத்தியது என்று டாக்டரும் நம்புவார், அவளும் நம்புவாள். அடுத்த மாதம் மறுபடியும் அதே கடுப்பு, அதே மாத்திரை.

இப்படிப்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரில் மாதாமாதம் வளர்ந்து உதிரும் சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே, இருக்கக் கூடாத இடங்களில் படிந்து வளரும் நோய். கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுவதும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சினைப்பையில் வரும், குடலில் ஒட்டும், குழந்தைப்பேறு தள்ளிப்போகும் என்பதெல்லாம் இப்போது ஓரளவு தெரிந்த செய்திகள். சிறுநீர்ப் பாதையிலும் இது வேர்விடும் என்பது பலருக்குத் தெரியாது. நோயுள்ள எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றில் ஒருவருக்குத்தான் அங்கே போகிறது. திசுக்களுக்குள் ஆழமாக ஊடுருவும் வகை உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த விகிதம் பல மடங்கு கூடிவிடுகிறது. அப்படிப் போகும்போது பெரும்பாலும் பாதிக்கப்படுவது சிறுநீர்ப்பை. அடுத்தது, சிறுநீரகத்திலிருந்து சிறுநீரை இறக்கிக் கொண்டுவரும் சிறுநீர் நாளம். டாக்டர்கள் பேச்சில் யூரீட்டர். சிறுநீரகத்திலேயே வருவதும், சிறுநீர் வெளியேறும் புறவழியில் வருவதும் மிக அரிது.

நூறு ஆண்டுகளில் கருவியும் மருந்தும் மாறியது ஒரு கதை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பெண்ணின் கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் ஒரே மருத்துவர் பார்த்த காலம் ஒன்று இருந்தது. பிறகு இரண்டும் இரண்டு துறைகளுக்குப் போயின. அந்தப் பிரிவினையின் இடைவெளியில் எத்தனையோ பெண்களின் சிறுநீரகம் சத்தமில்லாமல் செத்தது. இப்போதுதான் அந்த இரண்டு துறைகளும் ஒரே மேஜைக்குத் திரும்பி வருகின்றன.

ஒரே மருத்துவர் பார்த்த அந்தக் காலம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்தது. 1889இல் திறந்த அந்த மருத்துவமனையில் மகளிர் நோய்ப் பிரிவை நடத்தியவர் ஹோவர்ட் கெல்லி. சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் கருவியை ஜெர்மனியில் மாக்ஸிமிலியான் நிட்ஸே 1870களிலேயே செய்திருந்தார். கெல்லி 1890களில் தனக்கென்று ஒரு வழி கண்டார். முழங்காலும் மார்பும் மேஜையில் படும்படி பெண்ணைக் குப்புற வைத்து, நேரான உலோகக் குழல் ஒன்றைச் சிறுநீர்ப் புறவழி வழியாக உள்ளே செலுத்துவார். அந்த நிலையில் குடல்கள் முன்பக்கம் சரிந்துவிட, குழல் வழியாக வெளிக்காற்று தானாகவே புகுந்து சிறுநீர்ப்பையை விரித்துவிடும். நெற்றியில் கட்டிய கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் விளக்கு. அந்த வெளிச்சத்தில் இரண்டு சிறுநீர் நாளங்களும் வந்து திறக்கும் சின்ன வாய்களைக் கண்ணால் பார்த்து, மெல்லிய குழாயை அவற்றுக்குள் ஏற்றுவார். மேஜையில் இருந்த பெண்ணுக்கு அது எவ்வளவு கூச்சமாகவும் வேதனையாகவும் இருந்திருக்கும் என்று நினைக்காமல் இதைப் படிக்க என்னால் முடிவதில்லை. ஆனாலும் வயிற்றைக் கிழிக்காமல் ஒரு பெண்ணின் சிறுநீர்ப் பாதையைப் பார்க்க அன்று முடிந்தது. பார்த்தவர் ஒரு மகளிர் நோய் மருத்துவர். சிறுநீரகம், சிறுநீர் நாளம், சிறுநீர்ப்பை நோய்களைப் பற்றி அவர் கர்ட்டிஸ் பர்னமுடன் சேர்ந்து 1914இல் ஒரு பெரிய நூலே எழுதினார்.

கெல்லியின் பிரிவில் வளர்ந்த இருவர் இந்த நோயின் வரலாற்றில் நிற்கிறார்கள். ஒருவர் தாமஸ் கல்லன். கருப்பைத் திசு இடம் மாறி வளரும் கட்டிகளைத் தேடித் தேடி வரைந்து பதிவு செய்தவர். சிறுநீர் நாளத்தை இந்தத் திசு சூழ்ந்ததை முதலில் எழுதியவர் என்று 1917ஆம் ஆண்டைக் குறிப்பிட்டு அவரையே சொல்கிறார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1921இல், மேயோ கிளினிக்கின் அறுவை மருத்துவர் ஸ்டார் ஜட், சிறுநீர்ப்பையில் கட்டியாகத் தோன்றியதை எழுதினார். இன்னொருவர் ஜான் சாம்ப்சன். ஆல்பனிக்குப் போய், சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய ‘சாக்லேட் கட்டிகளை’ 1921இல் விவரித்தவர். நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயர் நிலைக்கக் காரணமானவர். மாதவிலக்கு ரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் சிந்துகிறது, அதிலுள்ள செல்கள் அங்கே ஒட்டி வளர்கின்றன என்ற அவருடைய விளக்கம் 1927இல் வந்தது. அதே சாம்ப்சன் ஹாப்கின்ஸில் இருந்த இளவயதில் ஆராய்ந்தது எதை என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது: கருப்பைப் புற்றுநோய் அறுவையில் சிறுநீர் நாளத்துக்கு என்ன ஆகிறது, அதற்கு ரத்தம் எந்த வழியாக வருகிறது என்பதை. எண்டோமெட்ரியோசிஸுக்குப் பெயர் கொடுத்தவருக்கு யூரீட்டரும் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது.

சாம்ப்சனின் விளக்கம் இன்றும் முதலிடத்தில் நிற்கிறது. சிறுநீர் நாளம் பாதிக்கப்படும்போது பெரும்பாலும் இடது பக்கமே பாதிக்கப்படுவதற்கும் அதை வைத்துக் காரணம் சொல்கிறார்கள்: இடப்பக்கம் பெருங்குடலின் வளைவு மறைத்துக்கொள்வதால் அங்கே சிந்தியது அலம்பிப் போகாமல் தங்கிவிடுகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அது பதிலாகாது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக நீண்டகாலம் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்ட ஆண்கள் ஓரிருவருக்குச் சிறுநீர்ப்பையில் இதே திசு வளர்ந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மாதவிலக்கே இல்லாத உடம்பில் பின்னோக்கிச் சிந்த என்ன இருக்கிறது? கருவில் உறுப்புகள் உருவாகும்போது மிஞ்சிய செல்களே ஹார்மோன் பட்டு விழித்துக்கொள்கின்றன என்று சிலர் சொல்வது இதனால்தான். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

அன்றைய சிகிச்சை பெரும்பாலும் கத்திதான். சிறுநீர்ப்பையில் கட்டி என்றால் முதலில் புற்றுநோய் என்றே பயந்தார்கள். வயிற்றைத் திறந்து வெட்டியெடுத்து, நுண்ணோக்கியில் வைத்த பிறகுதான் அது இன்னதென்று தெரியும். முப்பது வயதுப் பெண்ணுக்குக் கருப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடுவார்கள். சினைப்பை போனால் ஈஸ்ட்ரோஜன் போகும், ஈஸ்ட்ரோஜன் போனால் திசு வாடும் என்பது கணக்கு. அவளுக்கு அன்றே மாதவிலக்கு நின்று, எலும்பு தேய ஆரம்பிக்கும். இன்னொரு யோசனையும் இருந்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஜோ மெய்க்ஸ் என்ற புகழ்பெற்ற மருத்துவர் 1940களில், சீக்கிரம் திருமணம் செய்து சீக்கிரம் பிள்ளை பெறுவதே இந்நோய்க்குத் தடுப்பு என்று எழுதினார். “ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும்” என்று நம் ஊரில் சொல்லும் பேச்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கர்ப்பகாலத்தில் பலருக்கு வலி குறையும் என்பது உண்மை. நோய் போய்விடும் என்பது உண்மையில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நம்பி வலியோடு திருமண மேடை ஏறிய பெண்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அதே பாஸ்டனில் ராபர்ட் கிஸ்ட்னர் 1950களின் இறுதியில், கர்ப்பத்தைப் போன்ற நிலையை மாத்திரையாலேயே உண்டாக்கலாம் என்று புதிய ஹார்மோன்களைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார். மருந்தின் காலம் அங்கே தொடங்கியது. 1976இல் அமெரிக்காவில் டானசோல் அனுமதி பெற்றது. அது ஆண் ஹார்மோனின் சாயல் கொண்ட மருந்து. வலி குறைந்தது, கூடவே உடல் எடை ஏறியது, முகத்தில் முடி முளைத்தது, சிலருக்குக் குரல் தடித்து, மருந்தை நிறுத்திய பிறகும் பழைய குரல் திரும்பவில்லை. அடுத்து வந்தவை மூளையின் கட்டளையையே நிறுத்தும் ஊசிகள். அந்தக் கட்டளையைக் கொண்டுபோகும் ஹார்மோன் உள்ளிட்ட மூளை ஹார்மோன்களை ஆராய்ந்ததற்காக ஷாலியும் கியூமினும் 1977இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதை ஒட்டி உருவான லூப்ரோலைடு ஊசிக்கு இந்நோய்க்கான அனுமதி 1990இல் வந்தது. மாதம் ஒரு ஊசி, தற்காலிகமாக மாதவிலக்கு நிற்கும், வேர்த்துக் கொட்டும், ஆறு மாதத்துக்கு மேல் தனியாகப் போட்டால் எலும்பு வலுவிழக்கும் என்பதால் இப்போது கொஞ்சம் ஹார்மோனைக் கூடவே சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இதற்கிடையில் துறைகள் பிரிந்துவிட்டன. ஹாப்கின்ஸிலேயே ஹியூ யங் ஆண்களின் சிறுநீர்ப் பாதையைக் கவனித்து, 1915இல் சிறுநீரியலுக்கென்று தனிக் கட்டடமே எழுப்பினார். பெண்களுடையது கெல்லியிடம் இருந்தது. கெல்லிக்குப் பின் வந்த தலைமுறைகளில் உலகமெங்கும் மகளிர் நோய் மருத்துவம் மகப்பேற்றோடு சேர்ந்து ஒரு பக்கம் போக, சிறுநீரியல் கல், புராஸ்டேட் என்று இன்னொரு பக்கம் போனது. தேர்ச்சி கூடியது உண்மை. அதற்குக் கொடுத்த விலையும் உண்மை. நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காலை பத்து மணிக்குப் போய் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். கீழ்த்தளத்தில் மகளிர் ஓ.பி. “மாசாமாசம் வயிறு வலிக்குது, யூரின் போனா கடுக்குது” என்று சொல்பவளுக்கு, “யூரின் பிரச்சினைக்கு யூராலஜி பாருங்க” என்று சீட்டு. மேலே யூராலஜி வரிசையில் பாதிக்கு மேல் ஆண்கள். அங்கே போய் மாதவிலக்கைப் பற்றிப் பேச அவளுக்குக் கூச்சம். கேட்க டாக்டருக்கு நேரமில்லை. சிறுநீரில் கிருமி இல்லை, ஸ்கேனில் கல் இல்லை, தண்ணீர் நிறையக் குடிங்க. கையில் கோப்போடு இரண்டு மாடிக்கும் நடுவே அவள் இறங்கி வருகிறாள்.

இந்த இடைவெளியில் போவது என்னவென்று சொன்னால்தான் இதன் தீவிரம் புரியும். சிறுநீர் நாளம் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும் சில மில்லிமீட்டர் அகலமும் உள்ள மெல்லிய தசைக்குழாய். சிறுநீர்ப்பையை அடையும் முன் அது கருப்பையை ஒட்டி, கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க்கு அடியில் நுழைந்து போகிறது. எண்டோமெட்ரியோசிஸ் ஆழமாக வேர்விடும் இடமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. பெரும்பாலும் இந்தத் திசுவின் முடிச்சு குழாய்க்கு வெளியே வளர்ந்து, மாதாமாதம் புண்ணாகி ஆறி, தழும்பாகித் தழும்பாகிக் குழாயை நெரிக்கிறது. சிலருக்குக் குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து வளர்கிறது. மேலிருந்து வரும் சிறுநீர் தேங்குகிறது, சிறுநீரகம் வீங்குகிறது, அதன் சதைப்பகுதி மெலிந்துகொண்டே போகிறது. கல் திடீரென்று அடைத்தால் உயிர் போகும் வலி வரும். இது ஆண்டுக்கணக்கில் மெல்ல அடைப்பதால் பலருக்கு விலாவில் ஒரு முணுமுணுப்புகூட இருப்பதில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் மறுபக்கத்துச் சிறுநீரகம் இரண்டு பேர் வேலையையும் தானே செய்துவிடுகிறது. ‘கிட்னி டெஸ்ட் நார்மல்’ என்று காகிதம் சொல்லும்போதே ஒரு சிறுநீரகம் முடிந்துகொண்டிருக்கலாம்.

அன்று இதைக் கண்டுபிடிக்கச் சந்தேகம் முன்கூட்டியே வர வேண்டும். ரத்தக்குழாயில் மருந்து ஏற்றிச் சிறுநீர்ப் பாதையை எக்ஸ்ரேயில் பார்க்கும் முறையை 1929இல் பெர்லினில் மோசஸ் ஸ்விக் என்ற இளைஞர் சாத்தியமாக்கினார். அதற்குமுன் கெல்லியைப் போலக் குழாய் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். ஆனால் சிறுநீரகத்தில் ஒரு வலியும் சொல்லாத பெண்ணுக்கு யார் எக்ஸ்ரே எடுப்பார்கள்? வேறு எதற்கோ வயிற்றைத் திறந்தபோதோ, கருப்பையை எடுத்துப் பல ஆண்டுகள் கழித்தோ, சுருங்கிப்போன சிறுநீரகம் கண்ணில் படும். இடைவெளியில் அது எப்போது செத்தது என்று சொல்ல யாராலும் முடியாது.

இன்று சிறுநீரகத்தைத் தனியாகச் சந்தேகப்பட வேண்டிய அவசியம்கூட இல்லை. வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்தால் இரண்டு நிமிடத்தில் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். வலியில்லை, கதிர்வீச்சு இல்லை, சின்ன ஊரிலும் இருக்கிறது. ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் என்று சந்தேகம் வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் கருப்பையைப் பார்க்கும் அதே நேரத்தில் கருவியை மேலே நகர்த்திச் சிறுநீரகத்தையும் பார்த்துவிட வேண்டும். அன்றுக்கும் இன்றுக்கும் உள்ள எல்லா வித்தியாசங்களிலும் இதைத்தான் நான் பெரியதாகச் சொல்வேன். ரோபோவும் லேப்ராஸ்கோப்பும் இதற்குப் பிறகுதான்.

சிறுநீர்ப்பையைப் பார்க்கும் முறையும் மாறிவிட்டது. பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனுக்கு முன் சிறுநீரை முழுக்கக் கழித்துவிட்டு வரச் சொல்வது வழக்கம். இந்நோயைத் தேடும்போது கொஞ்சம் சிறுநீர் பையில் இருக்கட்டும் என்கிறார்கள். அப்போதுதான் சுவரில் உள்ள முடிச்சு தெளிவாகத் தெரியும். ஆழமான எண்டோமெட்ரியோசிஸை எந்த வரிசையில் ஸ்கேனில் தேட வேண்டும் என்று பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2016இல் ஒரு முறையை வகுத்தார்கள். அதில் சிறுநீர்ப்பைக்கும் சிறுநீர் நாளத்துக்கும் இடம் உண்டு. திருமணமாகாத பெண்ணுக்கு அந்த ஸ்கேன் வேண்டாம் என்று வீட்டார் தயங்கினால் எம்.ஆர்.ஐ. இருக்கிறது. தயக்கத்தைக் காரணம் காட்டிப் பார்க்காமலே அனுப்புவதுதான் கூடாது. முன்பெல்லாம் வயிற்றில் துளையிட்டு உள்ளே பார்த்து, துண்டெடுத்து உறுதி செய்தால்தான் நோய் என்று எழுதுவார்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை மாற்றியது. அறிகுறியும் ஸ்கேனும் பொருந்தினால் அறுவை இல்லாமலே சிகிச்சை தொடங்கலாம்.

சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தால் தெரியும் காட்சி ஒன்று உண்டு. வெளிர் ரோஜா நிறத்தில், மெல்லிய ரத்த நாளங்கள் ஓடும் வழவழப்பான சுவர். பின்பக்கத்திலோ கூரையிலோ ஓரிடத்தில் மட்டும் சுவர் உள்நோக்கிப் புடைத்து, அதன் மேல் நீலமும் கருஞ்சிவப்புமாகச் சிறு கொப்புளங்கள். மாதவிலக்கு நாட்களில் பார்த்தால் அவை இன்னும் பருத்து இருக்கும். ஆனால் எல்லோருக்கும் இது தெரியாது. நோய் வெளியிலிருந்து உள்ளே வருகிறது: கருப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் படிந்து, சிறுநீர்ப்பையின் தசைக்குள் புகுந்து, கடைசியாகத்தான் உட்சவ்வைத் தொடுகிறது. அதனால் பலருக்குக் கேமராவில் சுவர் ஒழுங்காகவே தெரியும். சிறுநீரில் ரத்தம் வருவதும் சிறுபான்மையினருக்கே. ‘மாதவிலக்கில் சிறுநீரோடு ரத்தம் வந்தால்தான் இந்த நோய்’ என்று காத்திருந்தால் பெரும்பாலானவர்களைத் தவறவிட்டுவிடுவோம். அவர்களுக்கு இருப்பது அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, அடக்க முடியாத அவசரம், சிறுநீர்ப்பை நிரம்பும்போதும் கழித்து முடிக்கும்போதும் பூப்பெலும்புக்கு மேலே ஒரு வலி.

மருந்து இன்று டானசோலின் காலத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. இந்தியாவில் பரவலாக எழுதப்படுவது டையனோஜெஸ்ட், தினம் ஒரு 2 மில்லிகிராம் மாத்திரை. சிறுநீர்ப்பையில் உள்ள முடிச்சு இதில் சுருங்குகிறது. கடுப்பும் அவசரமும் பலருக்கு நன்றாகவே குறைகின்றன. அறுவை வேண்டாம் என்று இதிலேயே பல ஆண்டுகள் நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். இடையிடையே ரத்தக்கசிவு வரும், சிலருக்கு மனம் சோர்ந்துபோகும். அதையெல்லாம் ‘சும்மா’ என்று ஒதுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பத் தலைதூக்கும். எடுத்துக்கொள்ளும்வரை பெரும்பாலும் கருமுட்டை வெளிவராது என்பதால் குழந்தைக்கு முயல்பவர்களுக்கு இது வழியில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமான எல்லை ஒன்று: ஹார்மோனுக்குப் பணிவது உயிருள்ள திசு மட்டுமே. சிறுநீர் நாளத்தை நெரித்திருப்பதில் பெரும்பகுதி தழும்பு. தழும்பை எந்த மாத்திரையும் கரைக்காது. அடைப்பால் சிறுநீரகம் வீங்கியிருக்கும்போது, வலி குறைந்துவிட்டது என்று மாத்திரையை மட்டும் நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

அறுவையில்தான் இரண்டு துறைகளும் மறுபடி கைகோக்கின்றன. ஒரு காலத்தில் சிறுநீரியல் மருத்துவர்கள் உள்பக்கமிருந்து, சிறுநீர்ப் புறவழி வழியாகக் கருவி விட்டு, புற்றுக்கட்டியைச் சுரண்டுவதுபோல இதையும் சுரண்டி எடுத்தார்கள். வேர் வெளிப்பக்கத்தில் இருந்தது. அது மீண்டும் வளர்ந்தது. மகளிர் நோய் மருத்துவர்கள் வெளிப்பக்கமிருந்து மேலோட்டமாகச் சீவினார்கள். ஆழத்தில் இருந்தது தங்கிவிட்டது. இன்று நல்ல மையங்களில் இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். வயிற்றில் சிறு துளைகள் வழியாக ஒருவர் லேப்ராஸ்கோப்பில். சிறுநீர்ப்பைக்குள் கேமராவோடு இன்னொருவர். உள்ளே இருப்பவர் தன் விளக்கை முடிச்சின் ஓரத்தில் வைக்க, வெளியே இருப்பவர் தன் விளக்கைத் தணிக்கிறார். சிறுநீர்ப்பையின் சுவர் வழியாக அந்த வெளிச்சம் மங்கலாக ஊடுருவித் தெரிகிறது. முடிச்சு இருக்கும் இடம் மட்டும் இருளாக நிற்கிறது. அந்த எல்லையை வைத்து, தேவைக்கு மேல் ஒரு இழைகூட எடுக்காமல், சுவரின் முழுத் தடிமனோடு முடிச்சை வெட்டியெடுத்துத் தைக்கிறார்கள். சிறுநீர் நாளங்கள் வந்து திறக்கும் இடத்துக்கு மிக அருகில் முடிச்சு இருந்தால் வேலை கடினம். மற்றபடி சிறுநீர்ப்பை அருமையாக ஆறக்கூடிய உறுப்பு. ஒரு வாரம், பத்து நாள் சிறுநீர்க் குழாயோடு இருக்க வேண்டும். முதலில் பை சின்னதாகி அடிக்கடி போக வேண்டியிருக்கும். சில மாதங்களில் அது தன்னைத் தானே விரித்துக்கொள்ளும்.

சிறுநீர் நாளத்துக்கு மூன்று படிகள். வெளியே மட்டும் சுற்றியிருந்தால் முடிச்சிலிருந்து குழாயைப் பிரித்து விடுவிப்பது. சுவருக்குள் புகுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு இரு முனைகளையும் இணைப்பது. சிறுநீர்ப்பைக்கு மிக அருகில் என்றால், குழாயைப் புதிய இடத்தில் சிறுநீர்ப்பையோடு பொருத்துவது. குழாய் எட்டாவிட்டால் சிறுநீர்ப்பையையே மேலே இழுத்து இடுப்புத் தசையோடு தைத்து நிறுத்துவார்கள். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் வயிற்றை நீளமாகத் திறக்க வேண்டும். எண்டோமெட்ரியோசிஸால் அடைபட்ட சிறுநீர் நாளத்தை லேப்ராஸ்கோப்பிலேயே வெட்டி இணைத்ததை காம்ரான் நெஜாத் குழுவினர் 1992இல் வெளியிட்டார்கள். ரேடியோ ஐசோடோப் ஸ்கேனில் சிறுநீரகத்தின் செயல்திறன் பத்து, பதினைந்து சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது என்று தெரிந்தால் மட்டுமே அதை எடுத்துவிடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இந்த அறுவைகளோடு வருவது டி.ஜே. ஸ்டென்ட். இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய குழாய். ஒரு சுருள் சிறுநீரகத்தில், மற்றது சிறுநீர்ப்பையில். 1978இல் ராய் ஃபின்னி செய்த அந்தச் சுருள்தான் குழாய் நழுவாமல் காப்பாற்றுகிறது. உள்ளே இருக்கும் வாரங்களில் சிறுநீர் போகும்போது விலாவில் சுரீரென்று வலிக்கும், குதித்தால் கொஞ்சம் ரத்தம் வரும், பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அதை மறப்பதற்குத்தான். வலி அடங்கியதும் சொந்த ஊருக்குப் போய்விட்டு, ஆண்டுகள் கழித்து உப்புப் படிந்து கல்லாகிப்போன ஸ்டென்டோடு வருபவர்கள் நம் யூராலஜி வார்டுகளுக்குப் புதியவர்கள் இல்லை. டிஸ்சார்ஜ் காகிதத்தில் எடுக்க வேண்டிய தேதி எழுதியிருக்கிறதா என்று கேட்டு, அதை வீட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அறுவைக்கு முன்பே பேச வேண்டிய இன்னொன்றைப் பலர் பேசாமல் விடுகிறார்கள். சிறுநீர்ப்பைக்குப் ‘போ’ என்று சொல்லும் நரம்புகள் கருப்பைக்கு இருபுறமும், நோய் வேர்விடும் அதே இடத்தில் ஓடுகின்றன. இருபக்கமும் ஆழமாக வெட்ட நேர்ந்தால் சிறுநீர்ப்பை நிரம்பியதே தெரியாமல் போகலாம். முன்பு அதை அறுவையின் விதியாக ஏற்றுக்கொண்டார்கள். இன்று நரம்புகளைத் தேடிக் கண்டு ஒதுக்கி வைத்துவிட்டு வெட்டுகிறார்கள். அப்படியும் சிலருக்குச் சில வாரங்கள் தானே குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டியிருக்கும். கிருமி நீக்கிய கையுறை எதுவும் தேவையில்லை, சுத்தமான கையே போதும் என்று 1972இல் மிச்சிகனில் ஜாக் லாப்பிடஸ் காட்டிய எளிய முறை அது. முன்கூட்டியே சொல்லிக் கற்றுக்கொடுத்தால் பெண்கள் அதைத் துணிச்சலாகச் செய்கிறார்கள். சொல்லாமல் விட்டால் இடிந்துபோகிறார்கள்.

இவ்வளவு மாறிய பிறகும் மாறாமல் இருப்பது முதல் ஓ.பி. சீட்டு. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண் கடுப்பு என்று வந்தால், “யூரினை அடக்கி அடக்கி வெச்சிருப்பே” என்ற பதில் தயாராக இருக்கிறது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது; நல்ல காரியம். கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்காமல் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் இன்னும் ஏராளம், அவர்களுக்குத் தொற்று வருவதும் ஏராளம். அதனாலேயே இந்த நோய் அந்தக் கூட்டத்தில் எளிதாக ஒளிந்துகொள்கிறது. சிசேரியனுக்குப் பின் சிறுநீர்ப்பையில் இது வருவதும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறில் கிட்டத்தட்ட 45 பிரசவங்கள் சிசேரியன். அப்படி வருவது அரிதுதான், யாரும் பதற வேண்டாம். ஆனால் சிசேரியன் ஆன பெண் மாதவிலக்கில் மட்டும் கடுக்கிறது என்று சொன்னால் அதைத் தனியாகக் காதில் வாங்க வேண்டும்.

“எரிச்சல் எப்பம்மா வருது?” என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் “அப்பப்போ வரும் டாக்டர்” என்றே சொல்கிறார்கள். “டேட் வர்ற சமயத்துலயா, மத்த நாள்லயா?” என்று கேட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டு, “ஆமா, தலைக்குக் குளிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் ஜாஸ்தி” என்கிறார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு எந்த எந்திரமும் தேவையில்லை. கேட்கவில்லை என்றால் பெண்ணே சொல்லலாம். காலண்டரில் மாதவிலக்கு நாட்களைக் குறிக்கும் அதே இடத்தில் கடுப்பு வந்த நாளையும் குறித்து, மூன்று மாதக் காகிதத்தை மேஜையில் வைத்தால் போதும். கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் இரண்டு முறை ஒன்றும் வளரவில்லை என்றால் மூன்றாவது ஆன்டிபயாட்டிக்குக்கு முன் மகளிர் நோய் மருத்துவரையும் சிறுநீரியல் மருத்துவரையும் ஒருவரோடு ஒருவர் பேசச் சொல்லிக் கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு.

நோய் ஏற்கெனவே தெரிந்து மாத்திரையில் இருப்பவர்களுக்கும் அறுவை முடிந்தவர்களுக்கும் ஒன்று. கடுப்பு நின்றுவிட்டது, மாதவிலக்கும் வருவதில்லை, எதற்கு ஆஸ்பத்திரி என்று மறுபரிசோதனையை விட்டுவிடாதீர்கள். சிறுநீர் நாளம் அடைபட்டாலும் பலருக்கு வலி தெரிவதில்லை. உங்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கருப்பை ஸ்கேனோடு சேர்த்து இரண்டு சிறுநீரகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கையில் வலது, இடது என்று இரண்டின் பெயரும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.